விட்டுக் கொடுத்து வென்ற மோட்டார் மன்னர்

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கிறது நியூயார்க் நகரம். மேற்குக் கரையில் இருக்கிறது லாஸ் ஏஞ்சல்ஸ். இரண்டுக்கும் இடையே சுமார் 4,500 கிலோ மீட்டர் தூரம். கன்னியாகுமரியில் புறப்பட்டு காஷ்மீர் போய்ச் சேருவதைவிட அதிகம்!

இவ்வளவு தூரத்தையும் மோட்டார் சைக்கிளிலேயே கடக்கிறவர்கள் உண்டு. கணவன் முன்னால் உட்கார்ந்து ஓட்டுவான். மனைவி பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். துணிமணிகள் எல்லாம் வண்டியிலேயே பொருத்திய பெட்டிகளில் இருக்கும். காற்று முகத்தில் அறையாமல் இருக்க, முன்னால் ஒரு கண்ணாடி. பாட்டுக் கேட்க ஒலிபெருக்கி. இப்படி நாள் கணக்கில் போவார்கள்.

அந்த வண்டிகளில் பேர் போன ஒன்று, கோல்ட் விங். தங்கச் சிறகு என்று பொருள். அதன் எடை சுமார் 380 கிலோ. அதைச் செய்வது ஜப்பான் நாட்டு ஹோண்டா கம்பெனி.

ஹோண்டா என்ற பெயரை நம் ஊர்த் தெருக்களிலும் பார்க்கிறோம். ஸ்கூட்டரிலும் காரிலும் எழுதியிருக்கிறது. அது ஒரு மனிதரின் பெயர். சோயிசிரோ ஹோண்டா என்பது அவருடைய முழுப்பெயர்.

கோல்ட் விங் வண்டியில் ஒரு விசித்திரம் உண்டு. அதன் என்ஜினைக் குளிர வைப்பது தண்ணீர். ஆனால் ஹோண்டாவோ, என்ஜினுக்குத் தண்ணீரே கூடாது, காற்றே போதும் என்று பிடிவாதம் பிடித்தவர்! அவர் பெயரைத் தாங்கிய வண்டிக்குள் தண்ணீர் எப்படி வந்தது? அதுதான் அவருடைய வாழ்க்கைக் கதை.

கொல்லன் மகன்

ஜப்பானில் ஹமமட்சு என்ற ஊருக்கு அருகே கோம்யோ என்று ஒரு கிராமம். அங்கே 1906-ம் ஆண்டு நவம்பர் 17-ந் தேதி சோயிசிரோ பிறந்தான்.

தகப்பனார் கிஹெய் ஒரு கொல்லர். சைக்கிள் ரிப்பேரும் செய்வார். தாயார் மிகா தறி நெய்வார். ஏழைக் குடும்பம்.

துருத்தியின் ஓசையும் சம்மட்டியின் ஓசையும்தான் சிறுவனுக்குத் தாலாட்டு. படிப்பு ஏறவில்லை. கை மட்டும் சும்மா இராது.

மதிப்பெண் சீட்டை வீட்டில் காட்டி, குடும்ப முத்திரை குத்தி வாங்கி வரவேண்டும் என்பது பள்ளிக்கூடத்து விதி. சோயிசிரோவின் மதிப்பெண்களோ தகப்பனாரிடம் காட்டும்படியாக இல்லை. பையன் ஒரு தந்திரம் செய்தான். சைக்கிள் மிதியின் ரப்பரைச் செதுக்கித் தானே முத்திரை செய்து குத்திக் கொண்டு போனான். ஆசிரியர் ஏமாந்து போனார்.

இதைப் பார்த்த மற்றப் பையன்கள் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். செய்து கொடுத்தான். அங்கேதான் அகப்பட்டுக் கொண்டான்!

ஹோண்டா என்பதை ஜப்பானிய எழுத்தில் எழுதினால் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். நேராகச் செதுக்கினாலும், கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிச் செதுக்கினாலும் வித்தியாசம் தெரியாது. மற்றவர்கள் பெயர் அப்படி இல்லை. எழுத்துகள் இடம் வலமாகத் திரும்பி விழுந்து குட்டு வெளிப்பட்டது.

மரத்தின் மேல் ஒரு பையன்

கிராமத்துக்கு முதன் முதலாக ஒரு மோட்டார் கார் வந்தது. சோயிசிரோ அதன் பின்னாலேயே ஓடினான். கார் நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டியிருந்தது. குனிந்து அதை முகர்ந்து பார்த்தான். கையில் தடவிக் கொண்டான். மற்றவர்களுக்கு அது நாற்றம். அவனுக்கு அது நறுமணம்.

1917-ல் அமெரிக்க விமானி ஒருவர் ஹமமட்சுவில் விமானம் ஓட்டிக் காட்டப் போவதாகச் செய்தி வந்தது. பையன் வீட்டில் கொஞ்சம் சில்லறையை எடுத்துக் கொண்டான். தகப்பனாரின் சைக்கிளையும் எடுத்துக் கொண்டான். பெரிய சைக்கிள். கால் எட்டவில்லை. குரங்குப் பெடல் போட்டபடியே போய்ச் சேர்ந்தான்.

டிக்கெட்டுக்குக் காசு போதவில்லை. ஆனால் அவன் திரும்பி வரவில்லை. பக்கத்திலிருந்த மரத்தில் ஏறி உட்கார்ந்து, விமானம் பறப்பதைக் கண் குளிரப் பார்த்தான்.

தலைநகரில் எடுபிடி வேலை

15 வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு டோக்கியோவுக்குப் போனான். ஆர்ட் ஷோகாய் என்ற மோட்டார் பட்டறையில் வேலை கிடைத்தது. ஆனால் ஸ்பேனரைக் கையில் கொடுக்கவில்லை. முதலாளியின் குழந்தையைக் கொடுத்தார்கள்! குழந்தையைச் சுமப்பதும் தரையைப் பெருக்குவதும்தான் வேலை. பையன் பொறுத்துக் கொண்டான். பின்னர் ஒரு நாள் ரிப்பேர் வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

1923 செப்டம்பர் 1-ந் தேதி பயங்கரமான பூகம்பம் டோக்கியோவைக் குலுக்கியது. எங்கு பார்த்தாலும் நெருப்பு. பட்டறையில் ரிப்பேருக்கு வந்த கார்கள் நின்றன. அவற்றைக் காப்பாற்ற வேண்டும். சோயிசிரோ ஒரு காரில் ஏறி, நெருப்புக்கு நடுவே தெருவில் ஓட்டிக் கொண்டு போனான். அவன் கார் ஓட்டியது அதுதான் முதல் தடவை.

முதலாளிக்கு அவன்மேல் நம்பிக்கை பிறந்தது. 1928-ல் ஹமமட்சுவில் ஒரு கிளைப் பட்டறை வைக்க அனுமதி கொடுத்தார். எடுபிடிப் பையன் முதலாளி ஆனார்!

50-ல் 3 தேறியது

ரிப்பேர் செய்தது போதும், புதிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று ஹோண்டா நினைத்தார். பிஸ்டன் ரிங் செய்ய முனைந்தார். என்ஜினுக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனைச் சுற்றி மோதிரம் போல் இருப்பது அது. பார்வைக்குச் சாதாரணம். செய்வதோ கடினம்.

இரவு பகலாக உழைத்தும் ரிங் சரியாக வரவில்லை. குறை கையில் இல்லை, படிப்பில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டார். 30 வயதைத் தாண்டிய முதலாளி, ஹமமட்சு தொழிற்கல்விப் பள்ளியில் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார். இரும்பில் கலக்க வேண்டிய சிலிக்கன் குறைவு என்பது அதன் பிறகே புரிந்தது.

டொயோட்டா கம்பெனிக்கு 50 ரிங்குகளைக் கொடுத்தார். தேறியவை 3 மட்டுமே. விடவில்லை. மேலும் உழைத்து வெற்றி கண்டார். தொழிற்சாலை வளர்ந்தது.

அப்போது இரண்டாம் உலகப் போர் வந்தது. 1944-ல் அவருடைய தொழிற்சாலை ஒன்று அமெரிக்க விமானங்களின் குண்டுக்கு இரையாயிற்று. 1945 ஜனவரியில் இன்னொன்று பூகம்பத்தில் சரிந்தது. மிஞ்சியதை டொயோட்டாவுக்கு விற்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார்.

வெந்நீர்ப் பை பெட்ரோல் டாங்க் ஆயிற்று!

போர் முடிந்தது. ஜப்பான் தோற்றது. ஊர்களெல்லாம் சாம்பல். உணவுக்குப் பஞ்சம். பஸ்ஸிலும் ரெயிலிலும் கால் வைக்க இடம் இல்லை.

ஹோண்டாவின் மனைவி சச்சி, அரிசி தேடிச் சைக்கிளில் வெகுதூரம் போய்வர வேண்டியிருந்தது. அந்தக் கஷ்டத்தை ஹோண்டா பார்த்தார்.

ராணுவத்தினர் வயர்லெஸ் கருவிக்கு மின்சாரம் எடுக்கப் பயன்படுத்திய சிறிய என்ஜின்கள் வீணாகக் கிடந்தன. ஹோண்டா ஒன்றை எடுத்துச் சைக்கிளில் பொருத்தினார். டாங்குக்கு எங்கே போவது? குளிர் காலத்தில் படுக்கையில் வைத்துக் கொள்ளும் வெந்நீர்ப் பையே டாங்க் ஆயிற்று!

சச்சி அதில் ஏறிக் கடைவீதியைச் சுற்றி வந்தார். ஊரே வேடிக்கை பார்த்தது. எனக்கு ஒன்று, உனக்கு ஒன்று என்று போட்டி ஏற்பட்டது. பழைய என்ஜின்கள் தீர்ந்ததும் ஹோண்டா சொந்தமாக என்ஜின் செய்யத் தொடங்கினார். 1948 செப்டம்பர் 24-ந் தேதி ஹோண்டா மோட்டார் கம்பெனி பிறந்தது.

இரட்டை மாடுகள்

1949-ல் புஜிசவா என்பவர் கம்பெனியில் சேர்ந்தார். இவர் வியாபாரத்தில் புலி. பட்டறை ஹோண்டாவுக்கு, பணப்பெட்டி புஜிசவாவுக்கு என்று இருவரும் பிரித்துக் கொண்டார்கள்.

ஜப்பானில் அந்தக் காலத்தில் கையெழுத்துக்குப் பதில் முத்திரைதான் செல்லும். ஹோண்டா தம் முத்திரையை அப்படியே புஜிசவாவிடம் கொடுத்து விட்டார். கள்ள முத்திரை செய்த பையன், தன் உண்மையான முத்திரையை நண்பரை நம்பி ஒப்படைத்தான்! ஒரே வண்டியில் பூட்டிய இரட்டை மாடுகளைப் போல இருவரும் இழுத்தார்கள்.

1954-ல் ஹோண்டா இங்கிலாந்துக்கு அருகிலுள்ள மான் தீவுக்குப் போய், உலகப் புகழ் பெற்ற மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பார்த்தார். மலைத்துப் போனார். ஐரோப்பிய வண்டிகளுக்குத் தம் வண்டியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு சக்தி இருந்தது. சளைக்காமல் ஊர் திரும்பி வேலையில் இறங்கினார். 1959-ல் அவருடைய வண்டிகள் அங்கே ஓடின. 1961-ல் 125 சி.சி., 250 சி.சி. ஆகிய இரண்டு பந்தயங்களிலும் முதல் ஐந்து இடங்களையும் பிடித்தன. உலகம் வாயைப் பிளந்தது.

அமெரிக்கா கற்றுக் கொடுத்த பாடம்

1959-ல் ஹோண்டா கம்பெனி அமெரிக்காவில் கடை திறந்தது. தொடக்கத்தில் பெரிய வண்டிகள் காலை வாரிவிட்டன.

ஜப்பானில் சாலைகள் குறுகல், பயணமும் குறைவு. அமெரிக்காவிலோ நெடுஞ்சாலையில் ஏறினால் மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓட்டுவார்கள். அந்த ஓட்டத்தை என்ஜின் தாங்கவில்லை. எண்ணெய் ஒழுகியது. கிளட்ச் தேய்ந்தது. பழுதான வண்டிகளை ஜப்பானுக்கு வரவழைத்துச் சோதித்துக் குறைகளைத் திருத்தினார்கள்.

அதற்குள் 50 சி.சி. குட்டி வண்டி சூப்பர் கப் கம்பெனியின் மானத்தைக் காத்தது. ஆண்களும் பெண்களும் அதை விரும்பி வாங்கினார்கள். பெரிய வண்டியிலும் 1969-ல் வெற்றி கிடைத்தது. சி.பி.750 என்ற நான்கு சிலிண்டர் வண்டி அமெரிக்காவில் அமோகமாக விற்றது. அந்த என்ஜினைக் குளிர வைத்தது காற்றுதான்.

காற்றா, தண்ணீரா?

பெட்ரோல் எரியும்போது என்ஜின் கொதிக்கும். அந்தச் சூட்டை வெளியேற்ற இரண்டு வழி உண்டு.

ஒன்று, காற்று. என்ஜினைச் சுற்றி மீன் செதில் போல உலோகத் தகடுகள் இருக்கும். வண்டி ஓடும்போது காற்றுப் பட்டுச் சூடு போகும்.

மற்றொன்று, தண்ணீர். என்ஜினைச் சுற்றித் தண்ணீர் ஓடிச் சூட்டை வாங்கிக் கொள்ளும். பிறகு ரேடியேட்டருக்குப் போய்க் காற்றில் ஆறித் திரும்பி வரும்.

கடைசியில் தண்ணீரையும் ஆறவைப்பது காற்றுதானே, நடுவில் தண்ணீர் எதற்கு என்பது ஹோண்டாவின் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது!

மோட்டார் சைக்கிளில் இது பலித்தது. காரிலும் அதையே செய்ய வேண்டும் என்று அவர் உத்தரவு போட்டார். காற்றால் குளிரும் பந்தயக் கார் ஒன்று தயாரானது. 1968 ஜூலை 7-ந் தேதி பிரான்சு நாட்டில் ரூவான் என்ற ஊரில் அது பந்தயத்தில் இறங்கியது. அனுபவம் மிக்க வீரர் ஜான் சர்டீஸ் அது ஆபத்தான வண்டி என்று கூறி ஓட்ட மறுத்துவிட்டார். பிரெஞ்சு வீரர் ஜோ ஷ்லெசர் ஓட்டினார். மழையில் கார் சறுக்கி மேட்டில் மோதித் தீப்பிடித்தது. ஷ்லெசர் அந்த நெருப்பிலேயே மாண்டார்.

அப்படியும் ஹோண்டா மனம் மாறவில்லை. காற்றால் குளிரும் ஹோண்டா 1300 என்ற காரை 1969-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். என்ஜின் கனமாக இருந்தது. செலவும் அதிகம். கார் எடுபடவில்லை.

இளம் என்ஜினீயர்கள் மனம் கலங்கினார்கள். அமெரிக்காவில் மோட்டார் புகையைக் குறைக்கச் சட்டம் வரும் காலம். புகை குறைய வேண்டுமானால் என்ஜினின் சூடு ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக இருக்க வேண்டும். அதற்குத் தண்ணீர்தான் ஏற்றது. ஆனால் ஹோண்டாவிடம் யார் சொல்வது? கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எறிவார். இடி முழக்க அப்பா என்றுதான் அவருக்குப் பட்டப் பெயர்!

ஒரு கேள்வி

இளைஞர்கள் புஜிசவாவிடம் போய் முறையிட்டார்கள். அவர்களில் குமே என்ற என்ஜினீயரும் ஒருவர்.

20 ஆண்டுகளாக ஹோண்டாவின் வேலையில் தலையிடாதவர் புஜிசவா. அன்று தலையிட்டார். ஹோண்டாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நீங்கள் இந்தக் கம்பெனியின் தலைவராக இருக்கப் போகிறீர்களா, அல்லது என்ஜினீயராகவா? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்பதே அந்தக் கேள்வி.

ஹோண்டா மௌனமானார். பட்டறையிலே பிறந்து, பட்டறையிலே வளர்ந்தவர். சம்மட்டியும் உளியும் பட்டு அவருடைய இடது கை முழுவதும் தழும்பு. அந்தக் கையை நம்பித்தான் இத்தனையும் செய்தார். இனி உன் கை சொல்வதைக் கேட்க வேண்டாம் என்றால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

கடைசியில், தலைவராகவே இருக்கிறேன் என்றார். அப்படியானால் இளைஞர்கள் தண்ணீரில் செய்து பார்க்கட்டும் என்று புஜிசவா கேட்டார். ஹோண்டா சம்மதித்தார்.

அதன் பலன், 1972-ல் வந்த சிவிக் கார். பிறகு அதில் பொருத்திய புதிய என்ஜின் அமெரிக்காவின் கடுமையான புகைச் சட்டத்துக்கு ஈடு கொடுத்தது. அமெரிக்காவின் பெரிய கம்பெனிகள் முடியாது என்று கைவிரித்த நேரம் அது!

அந்த வேலையின்போது, பெரிய கம்பெனிகளை முந்த நல்ல வாய்ப்பு என்று ஹோண்டா உற்சாகமாகப் பேசுவார். இளைஞர்களுக்கு அது பிடிக்கவில்லை. நாங்கள் கம்பெனிக்காக உழைக்கவில்லை, மக்கள் நல்ல காற்றைச் சுவாசிக்க வேண்டும் என்று உழைக்கிறோம் என்றார்கள். ஹோண்டா வெட்கப்பட்டார். இவர்கள் நம்மைத் தாண்டி வளர்ந்துவிட்டார்கள், நாம் விலகும் காலம் வந்துவிட்டது என்று உணர்ந்தார்.

1973 அக்டோபரில் ஹோண்டாவும் புஜிசவாவும் ஒன்றாகவே பதவியை விட்டு விலகினார்கள். ஹோண்டாவுக்கு அப்போது 66 வயது. தலைவர் நாற்காலியில் தம் மகனை உட்கார வைக்கவில்லை. 45 வயதான கவாஷிமா என்ற என்ஜினீயரை உட்கார வைத்தார். 1983-ல் மூன்றாவது தலைவராக வந்தவர் யார் தெரியுமா? தண்ணீருக்காக ஹோண்டாவை எதிர்த்த அதே குமே!

தங்கச் சிறகு விரிந்தது

ஹோண்டா விலகிய மறு ஆண்டு, 1974-ல், ஜெர்மனியில் கொலோன் நகரக் கண்காட்சியில் கம்பெனி ஒரு புதிய மோட்டார் சைக்கிளைக் காட்டியது. அதுதான் முதல் கோல்ட் விங். 999 சி.சி. என்ஜின். இரண்டு சிலிண்டர்கள் இடப்பக்கம், இரண்டு வலப்பக்கம். நிற்காமல் படுத்திருக்கும். அதனால் கனம் தரையை ஒட்டியே இருக்கும். வண்டி தள்ளாடாது. செயினுக்குப் பதில் ஒரு தண்டு பின்சக்கரத்தைச் சுழற்றும். அடிக்கடி இழுத்துக் கட்டும் தொல்லை இல்லை. பெட்ரோல் டாங்க்கூட இருக்கைக்கு அடியில்தான்.

என்ஜினைக் குளிர வைத்தது தண்ணீர்! நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓடினாலும் சூடு ஒரே சீராக இருந்தது. என்ஜினைச் சுற்றித் தண்ணீர் இருப்பதால் சத்தமும் அடங்கியது.

1975-ல் அது விற்பனைக்கு வந்தது. தொடக்கத்தில் முன் கண்ணாடியும் இல்லை, பெட்டியும் இல்லை. அமெரிக்கர்கள் தாங்களாகவே வாங்கி மாட்டிக் கொண்டார்கள். அதைப் பார்த்த கம்பெனி, 1980-ல் கண்ணாடியும் பெட்டிகளும் வைத்தே செய்தது. அமெரிக்காவில் ஒகையோ மாகாணத்திலேயே கோல்ட் விங் தயாராகத் தொடங்கியது. அங்கே 30 ஆண்டுகள் போல் நடந்த வேலை பிறகு ஜப்பானுக்கே திரும்பியது.

1988-ல் சிலிண்டர் ஆறு ஆயிற்று. கனமான வண்டியைத் தள்ள முடியாதவர்களுக்காக, பின்பக்கம் நகரும் வசதியும் வந்தது. 2006-ல் மோதினால் உப்பிக் காப்பாற்றும் காற்றுப் பை வந்தது. 2018-ம் ஆண்டு மாடலில் வண்டியை அடியோடு மாற்றினார்கள். சுமார் 40 கிலோ எடை குறைந்தது. சாலையின் குலுக்கல் கைப்பிடிக்கு எட்டாதபடி முன்சக்கரத்துக்குப் புதிய அமைப்பு. கிளட்சே பிடிக்காமல் தானாக மாறும் ஏழு கியர். பட்டனை அழுத்தினால் ஏறி இறங்கும் முன் கண்ணாடி.

எத்தனையோ மாறின. தண்ணீர் மட்டும் மாறவில்லை.

எண்ணெய்க் கை

பதவியை விட்ட ஹோண்டா சும்மா உட்காரவில்லை. தமக்காக உழைத்த ஒவ்வொருவருக்கும் நேரில் நன்றி சொல்லப் புறப்பட்டார். தொழிற்சாலைகள், சின்னஞ்சிறு விற்பனைக் கடைகள் என்று ஜப்பான் முழுவதும் சுமார் 700 இடங்களுக்குப் போனார். ஒன்றரை ஆண்டுகள் ஆயின.

ஓர் இடத்தில் ஒரு தொழிலாளி கை நீட்டினான். கையெல்லாம் எண்ணெய் என்பதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று இழுத்துக் கொண்டான். ஹோண்டா விடவில்லை. அந்தக் கையை இறுகப் பற்றிக் குலுக்கினார். எண்ணெய் நாற்றம் தமக்குப் பிடிக்கும் என்று சொல்லித் தம் கையை முகர்ந்து பார்த்தார். கோம்யோ கிராமத்தில் காருக்குப் பின்னால் ஓடிய பையன் முகர்ந்த அதே மணம்!

1991 ஆகஸ்டு 5-ந் தேதி டோக்கியோவில் ஹோண்டா காலமானார். வயது 84. கம்பெனி சார்பில் பெரிய இறுதிச் சடங்கு வேண்டாம், கூட்டம் கூடினால் சாலையில் போக்குவரத்து தடைப்படும், மோட்டார் செய்கிறவன் அப்படி மக்களுக்குத் தொல்லை கொடுக்கக் கூடாது என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். அப்படியே நடந்தது.

குண்டு விழுந்தபோதும் பூகம்பம் வந்தபோதும் கலங்காதவர் அவர். அந்தப் பிடிவாதம்தான் அவரை உயர்த்தியது. அதே பிடிவாதம் ஒரு நாள் அவருடைய கம்பெனிக்கே முட்டுக்கட்டை ஆயிற்று. அப்போது அதை விடவும் அவருக்குத் தெரிந்திருந்தது. வீட்டுக்குப் பெரியவர்களாக இருக்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம்.

இன்றைக்கும் ஏதோ ஒரு நெடுஞ்சாலையில், கணவனையும் மனைவியையும் சுமந்துகொண்டு ஒரு கோல்ட் விங் ஓடிக் கொண்டிருக்கும். வெயில் கொளுத்தினாலும் அதன் என்ஜின் கொதிக்காது. அதைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது, ஹோண்டா வேண்டாம் என்று சொல்லி, பிறகு சரி என்று ஒப்புக்கொண்ட அந்தத் தண்ணீர்.